அகாடமியா, கிளப்பா, பல ஆட்டமா, ஓய்வா? பதின்ம வயது மகளின் விளையாட்டுக்கு எந்த வழி

டோர்னமென்ட் முடிந்து வலையைச் சுருட்டும் நேரத்தில்தான் பெரும்பாலும் இந்தக் கேள்வி வரும். மகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அப்பாவோ அம்மாவோ மட்டும் என்னிடம் நடந்து வருவார்கள். “நல்லா ஆடுறா மேடம். ஹாஸ்டலோட இருக்கிற அகாடமியில சேர்த்துடலாமான்னு பாக்கிறோம். இல்ல, உங்ககிட்டயே இருக்கட்டுமா?”

இன்னொரு கேள்வியும் அதே தாழ்ந்த குரலில் வரும். “போன வருஷம் வரைக்கும் பள்ளிக்கூடம் விட்டதும் கிரவுண்டுக்குத்தான் ஓடுவா. இப்ப கிளம்புன்னு சொன்னாலே முகம் சுருங்கிடுது. நிறுத்திடலாமா?”

கேள்வி இரண்டானாலும் பிள்ளைகளின் வயது ஏறக்குறைய ஒன்றுதான், பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் நடுவில். பெண்பிள்ளைகளுக்கு வாலிபால் பயிற்சி தருகிறவள் நான். நின்ற நிலையில் பதில் சொல்லிச் சொல்லி, அது போதவில்லை என்று தோன்றியதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். எடுத்துக்கொண்ட வழிகள் நான்கு: விடுதியுடன் கூடிய அகாடமி, வீட்டிலிருந்து போய்வரும் கிளப்பில் ஒரே ஆட்டம், ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள், குறைத்துக்கொள்வது அல்லது இடைவெளி விடுவது.

## வழியைப் பார்க்குமுன் வயதைப் பார்க்க வேண்டும்

பெண்பிள்ளைகளின் உயரம் மிக வேகமாகக் கூடுவது சராசரியாகப் பன்னிரண்டு வயதை ஒட்டி. பையன்களுக்கு அது சுமார் இரண்டு வருடம் பிந்தி வரும். அந்த வேகம் அடங்கத் தொடங்கிய பிறகு, ஏறக்குறைய ஒரு வருடத்துக்குள், மாதவிடாய் வருகிறது. இதே காலத்தில் இடுப்பு அகலமாகிறது, உடலில் கொழுப்பின் பங்கு கூடுகிறது. இது உடல் ஒழுங்காக வளர்கிறது என்பதற்கான அடையாளம். ஆனால் ஆட்டத்தில் என்ன நடக்கும்? கைகால் நீண்டுவிட்டது, எடை கூடிவிட்டது, அதைச் சுமந்து எழும்பும் தசைவலு இன்னும் வந்து சேரவில்லை. போன வருடம் அநாயாசமாகத் துள்ளியவள் இந்த வருடம் திணறுவாள். அதே வயதுப் பையன்களுக்கோ வளர வளரத் தசை கூடிக்கொண்டே போகும். பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இவள் பின்தங்கிவிட்டதாகவே தெரியும். “கவனம் சிதறிடுச்சு”, “போன் வந்ததும் கெட்டுப்போச்சு” என்று காரணம் கண்டுபிடிப்பார்கள். பெரும்பாலும் அது வளர்ச்சிதான். ஓரிரு வருடம் பொறுத்தால் உடல் தன் புதிய அளவுக்குப் பழகிக்கொள்ளும், ஆட்டமும் மறுபடி ஏறும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பன்னிரண்டு வயதில் எல்லாரையும் ஜெயிக்கிறவள், மற்றவர்களுக்கு முன்பாகவே வளர்ந்துவிட்டவளாக இருக்கலாம். வாலிபால், ஓட்டம், நீச்சல் போன்றவற்றில் அந்த உயரமும் வலுவும் அப்போதைக்குப் பெரிய சலுகை. பதினைந்தில் மற்றவர்கள் எட்டிப் பிடிக்கும்போது அந்தச் சலுகை கரைந்துவிடும். ஆக, “இவ பெரிய ஆளா வருவா, உடனே அனுப்பு” என்பதும் “இவ கதை முடிஞ்சுது, நிறுத்து” என்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். இரண்டுமே கடந்துபோகிற ஒரு பருவத்தை வைத்து எடுக்கப்படும் முடிவு.

ஒரு கணக்கையும் நினைவில் வையுங்கள். 5 முதல் 17 வயது வரையானவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்றாக உழைக்கும்படி இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016 வரையான தரவுகளை வைத்து 146 நாடுகளில் 11–17 வயது மாணவர்களைக் கணக்கிட்டபோது, அந்த அளவை எட்டாத பெண்பிள்ளைகள் 85 சதவீதம், பையன்கள் 78 சதவீதம். உங்கள் மகள் மிச்சமிருக்கும் அந்த 15 சதவீதத்தில் ஒருத்தி என்றால், அவளை அங்கேயே தங்க வைப்பதுதான் முதல் வேலை. பதக்கம் அதற்கு அடுத்தது.

## எதை வைத்து எடைபோடுவது

என்னிடம் ஆறு அளவுகோல்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண் தருவதில்லை.

முதலாவது, அவளால் அங்கே வாயைத் திறக்க முடியுமா என்பது. “முட்டி வலிக்குது”, “பீரியட்ஸ், இன்னைக்குக் குதிக்க முடியல”, “அவர் தொட்டது எனக்குப் பிடிக்கல”, “இந்த ஆட்டமே எனக்கு வேண்டாம்”. இந்த நான்கில் எதைச் சொன்னாலும் அணியிலிருந்து தூக்கப்பட மாட்டோம், கேலிக்கு ஆளாக மாட்டோம் என்ற நம்பிக்கை அவளுக்கு இருக்கிறதா? காயம் முற்றுவதற்கும், உடல் நலிவதற்கும், துஷ்பிரயோகம் நீடிப்பதற்கும் அடியில் பெரும்பாலும் சொல்ல முடியாத ஒரு வாக்கியம் இருக்கும். மற்ற அளவுகோல்களில் சற்றுக் குறைந்தாலும் சரிசெய்யலாம். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரண்டாவது, வளரும் உடலுக்கு இடம். விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு ஒன்று உண்டு: வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒழுங்குபடுத்திய பயிற்சி என்பது அவள் வயதைத் தாண்டக் கூடாது. பதின்மூன்று வயது என்றால் பதின்மூன்று மணி நேரம், மேட்ச் உட்பட. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2016 அறிக்கை வாரம் ஒன்றிரண்டு நாள் ஓய்வும், தன் முதன்மை ஆட்டத்திலிருந்து வருடத்தில் மொத்தம் மூன்று மாத விடுப்பும் கேட்கிறது. மூன்று மாதத்தையும் சேர்த்து எடுக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம். தூக்கம் 8 முதல் 10 மணி நேரம். இவற்றோடு உணவு. பெண்களின் உச்ச எலும்புத் திணிவில் சுமார் 90 சதவீதம் பதினெட்டு வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அந்த வருடங்களில் அரைவயிறாக ஆடினால் பிறகு ஈடுகட்டுவது கடினம்.

மூன்றாவது பாதுகாப்பு, நான்காவது படிப்பும் தோழிகளும் உள்ளிட்ட வெளி வாழ்க்கை. ஐந்தாவது, திரும்பி வரும் வழி. அதாவது, எடுத்த முடிவு சரிப்படவில்லை என்றால் ஆறு மாதத்தில் அவளால் அவமானமில்லாமல் வேறு வழிக்கு மாற முடியுமா என்பது. ஆட்டத்தின் தரம் ஆறாவது. பெற்றோர் முதலில் விசாரிப்பது அதைத்தான் என்பதும், நான் அதைக் கடைசியில் வைக்கிறேன் என்பதும் எனக்குத் தெரிந்தே நடப்பது.

## விடுதியுடன் கூடிய அகாடமி

நல்ல அகாடமி தரக்கூடியதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. காலையும் மாலையும் தேர்ந்த பயிற்சியாளர், கையருகே பிசியோ (இயன்முறை மருத்துவர்), தன்னைவிடத் திறமையான தோழிகளோடு தினமும் ஆட்டம். பஸ்ஸிலும் வண்டியிலும் கரையும் நேரம் மிச்சம். சொந்த ஊரில் அந்த ஆட்டத்தை ஆடும் பெண்ணே வேறு யாரும் இல்லாத நிலையில் வளர்ந்த பிள்ளைக்கு, தன்னைப்போல் இருபது பேரைப் பார்ப்பதே பெரிய மருந்து.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்கிறேன். கட்டணப் பட்டியலில் இவை இருக்காது.

உணவில் தொடங்கலாம். செலவழிக்கும் ஆற்றலுக்கு ஏற்ப உண்ணாவிட்டால், உடல் முதலில் கைவிடுவது உடனடியாக உயிர்வாழத் தேவையில்லாத வேலைகளை. மாதவிடாய் தள்ளிப்போகும், நிற்கும். எலும்பு மெலியும், காயம் ஆறாது, மனம் சோரும், அடிக்கடி சளி காய்ச்சல் வரும். உண்ணும் ஆற்றல் குறைவு, மாதவிடாய்க் கோளாறு, எலும்பு மெலிவு ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை ‘பெண் வீராங்கனைகளின் முக்கோணம்’ என்று 1990-களிலேயே மருத்துவர்கள் பெயரிட்டார்கள். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதை விரித்து, உடல் முழுவதையும் பாதிக்கும் ஆற்றல் பற்றாக்குறையாக வரையறுத்தது. ஹாஸ்டலில் எல்லாருக்கும் ஒரே சாப்பாட்டு நேரம், ஒரே அளவு. காலைப் பயிற்சி நீண்டால் சிற்றுண்டி முடிந்திருக்கும். வீட்டில் அம்மாவின் கண்ணுக்கு இரண்டு நாளில் படுவது, அங்கே இரண்டு மாதம் யார் கண்ணிலும் படாமல் போகலாம்.

அதோடு எடை. அமெரிக்க ஓட்டப்பந்தய வீராங்கனை மேரி கெய்ன் பதினேழு வயதில், 2013-ல், உலகத் தடகளப் போட்டிக்குத் தகுதி பெற்றவர். பிறகு ஒரு பெரிய பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தார். மெலியச் சொல்லி வற்புறுத்தப்பட்டதையும், மூன்று வருடம் மாதவிடாய் நின்றுபோனதையும், ஐந்து எலும்புகள் முறிந்ததையும் 2019-ல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அது உலகத் தரமான இடம். தரமும் நலமும் ஒன்றல்ல என்று பெற்றோரிடம் நான் சொல்லும்போது மனதில் இருப்பது இதுதான்.

இதை எழுதும்போது என் பங்கையும் சொல்லியாக வேண்டும். பயிற்சியளிக்கத் தொடங்கிய புதிதில் மாதம் ஒருமுறை எல்லாரையும் வரிசையில் நிறுத்தி எடை பார்த்து, எண்ணை உரக்கச் சொல்லி எழுதிக்கொள்வேன். எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். ஒரு பிள்ளை எடை பார்க்கும் நாளுக்கு முந்தைய தினம் முழுவதும் பட்டினி கிடக்கிறாள் என்று அவள் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றோடு தராசை எடுத்து உள்ளே வைத்தேன். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்பும் கேட்டேன்.

அடுத்தது, ஒரே மனிதரின் கையில் எல்லாமும் இருப்பது. அணித் தேர்வு, தங்குமிடம், விடுப்பு அனுமதி, பரிந்துரைக் கடிதம் எல்லாம் ஒருவரையே சார்ந்திருக்கும்போது பிள்ளை எதையும் மறுக்கத் துணிய மாட்டாள். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்தவருக்குப் பாலியல் துஷ்பிரயோகத்துக்காக 2018-ல் தண்டனை வழங்கப்பட்டபோது, 150-க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். சிகிச்சை என்ற பெயரிலேயே பல வருடம் அது நடந்திருந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால், துணைக்கு யாரும் இல்லாமல் மகள் சிகிச்சை பெறும் எந்த ஏற்பாடும் எனக்குச் சம்மதமில்லை. அந்த மருத்துவரோ பிசியோவோ எவ்வளவு பெயர்பெற்றவராக இருந்தாலும் சரி.

மூன்றாவது செலவு, கடன் உணர்வு. “எனக்காக வீட்ல இவ்வளவு பண்ணியிருக்காங்க, எப்படித் திரும்பிப் போறது?” வலியை மறைக்கும் பிள்ளைகளிடம் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது. அகாடமியின் திரும்பி வரும் வழி குறுகலாக இருப்பதற்குக் காரணம் தூரம் மட்டுமல்ல.

விளையாட்டு அமைப்புகளே சின்ன வயது அவசரத்துக்குக் கடிவாளம் போட்டிருக்கின்றன. ஜெனிஃபர் கப்ரியாட்டி பதினான்கு வயது நிறைவதற்குச் சில வாரம் முன்பே, 1990-ல், தொழில்முறை டென்னிஸுக்கு வந்து சில ஆண்டுகளிலேயே சோர்ந்து ஒதுங்கினார். 1995-ல் மகளிர் டென்னிஸ் சங்கம், வயதுக்கேற்ப இத்தனை போட்டிதான் ஆடலாம் என்று விதி கொண்டுவந்தது. ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்களின் சர்வதேசப் போட்டிக்கான குறைந்தபட்ச வயது 1997-ல் பதினாறானது. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் பதினைந்திலிருந்து பதினேழாக உயர்த்த 2022-ல் முடிவெடுத்தார்கள். அவசரம் தேவைப்படுவதாக நாம் நினைக்கும் ஆட்டங்களே இப்படி முடிவெடுத்திருக்கின்றன.

எப்போது இது நல்ல தேர்வு? அவளுக்குப் பதினைந்து பதினாறு வயதாகி, உயரம் ஓரளவு நிலைத்து, மாதவிடாய் ஒழுங்காக வந்து, நீங்கள் பேச்செடுக்காமலேயே அவளே திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்றால். சொந்த ஊரில் அவள் தரத்துக்கு ஆட்டமே இல்லை என்றால். அதோடு அந்த இடம் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொன்னால்: இரவில் விடுதியில் தங்கும் பெண் பொறுப்பாளர் யார்? சிகிச்சை அறையில் இன்னொரு பெண் உடனிருப்பாரா? எடை பார்க்கிறீர்களா, யார் முன்னால், எதற்கு? சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கலாமா? நடுவில் விலகினால் படிப்புக்கு என்ன ஏற்பாடு? போன வருடம் இங்கிருந்து போன பிள்ளைகள் ஏன் போனார்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கூர்ந்து கேளுங்கள். போனவர்களைப் பற்றி இளக்காரமாகப் பேசுகிற இடத்தில், நாளை உங்கள் மகளைப் பற்றியும் அப்படித்தான் பேசுவார்கள்.

## வீட்டிலிருந்து போய்வரும் கிளப், ஒரே ஆட்டம்

இதுதான் பெரும்பாலானவர்களுக்குக் கைக்கெட்டும் வழி. வீட்டுச் சாப்பாடு, தன் படுக்கை, பழைய தோழிகள். அழுகை வந்தால் இரவே யாரிடமாவது சொல்லலாம். முதல் அளவுகோலில் இது ஒரு படி மேலே நிற்பதற்குக் காரணம், அவள் வாயைத் திறக்க இரண்டு இடம் இருப்பது. கிரவுண்டில் முடியாவிட்டால் வீடு.

ஆனால் இங்கேயும் செலவு ஒளிந்திருக்கிறது. மாலை ஆறு முதல் எட்டு வரை பயிற்சி, வீடு வந்து குளித்துச் சாப்பிட ஒன்பதரை, அதற்குமேல் வீட்டுப்பாடம். அகாடமியில் மிச்சமாகும் பயண நேரம் இங்கே தூக்கத்திலிருந்துதான் பிடித்தமாகும். வருடம் பூராவும் ஒரே அசைவுகளைச் செய்வதால் அதே தோள், அதே முட்டி, அதே கணுக்கால் தேயும்.

முட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓடி, திரும்பி, குதித்து இறங்கும் ஆட்டங்களில் முட்டியின் முன் லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) கிழியும் வாய்ப்பு பெண்பிள்ளைகளுக்குப் பையன்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கிழிந்து அறுவை சிகிச்சை ஆனால், மறுபடி ஆட்டத்துக்கு வர ஒன்பது மாதமாவது பிடிக்கும். தடுக்க வழி இருக்கிறது, அதற்குக் காசும் ஆகாது. கால்பந்துக்காக உருவான ‘ஃபிஃபா 11+’ என்ற வார்ம்-அப் முறை இருபது நிமிடம்தான். குதித்து இறங்கும் விதம், ஒற்றைக் காலில் நிலைநிற்றல், தொடை-இடுப்பு வலு ஆகியவற்றைப் பழக்குவது. நார்வேயில் 13–17 வயதுப் பெண்பிள்ளைகளிடம் சோதித்து 2008-ல் வெளியான ஆய்வில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஆகவே கிளப்பைப் பார்க்கப் போகும்போது கோப்பைகள் அடுக்கிய அலமாரியைப் பார்க்காதீர்கள். முதல் இருபது நிமிடம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நான்கு சுற்று ஓடவிட்டு நேராக ஆட்டத்தில் இறக்குகிறார்கள் என்றால் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று வீடு சம்பந்தப்பட்டது. திரும்பும் வழியில் வண்டியிலேயே நடக்கும் விசாரணை. “அந்த சர்வீஸை ஏன் வெளியே அடிச்ச?” என்று நீங்கள் தொடங்கினால் அவளுக்கு வீடு இரண்டாவது கிரவுண்டாகிவிடும். நான் சற்றுமுன் சொன்ன இரண்டாவது வாசலும் அடைபட்டுவிடும். அவளாகப் பேசினால் கேளுங்கள். இல்லையென்றால் பசிக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதும்.

எப்போது இது நல்ல தேர்வு? பதின்மூன்று பதினான்கைத் தாண்டி, ஒரு ஆட்டத்தின் மேல் தானாகவே பிடிப்பு வந்தவளுக்கு. போய்வரும் நேரம் தூக்கத்தைத் தின்னாத தூரத்தில் கிளப் இருந்தால். பயிற்சியாளர்களில் ஒரு பெண்ணாவது இருந்தால், அல்லது ஆண் பயிற்சியாளராக இருந்தாலும் மாதவிடாயைப் பற்றி நெளியாமல் பேசக்கூடியவராக இருந்தால். பிந்தைய வகையினர் உண்டு, நான் அவர்களை மதிக்கிறேன்.

## ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள்

பன்னிரண்டு வயது மகளைப் பற்றி யார் கேட்டாலும் என் முதல் பதில் இதுதான். கேட்டவர்கள் முகம் வாடிப்போவதையும் பார்த்திருக்கிறேன். “எல்லாத்தையும் தொட்டா எதுலயும் உருப்பட முடியாதே” என்பார்கள்.

ஆஸ்திரேலியாவின் எலிஸ் பெர்ரி பதினாறு வயதில், 2007-ல், நாட்டின் கிரிக்கெட் அணிக்கும் கால்பந்து அணிக்கும் ஒரே வருடத்தில் ஆடத் தொடங்கினார். 2011 மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்தில் கோலும் அடித்தார், கிரிக்கெட்டில் உலகின் தலைசிறந்த ஆல்ரவுண்டர்களில் ஒருவராகவும் ஆனார். செக் நாட்டின் எஸ்தர் லெடெட்ஸ்கா 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கிலும் ஸ்னோபோர்டிலும் தங்கம் வென்றார். இவர்கள் அபூர்வமானவர்கள், எல்லாருக்கும் அப்படி நடக்காது. ஆனாலும் பல ஆட்டம் என்பதே தோல்விக்கு வழி என்ற பேச்சை மறுக்க இவ்விரண்டு பேர் போதும். ஜிம்னாஸ்டிக்ஸ் போல இளமையிலேயே உச்சம் தொடும் ஆட்டங்களை விட்டுவிட்டால், ஒரே ஆட்டத்தில் குவிவதைப் பதினைந்து பதினாறு வரை தள்ளிப்போடலாம் என்பதே குழந்தை மருத்துவர்களின் பரிந்துரையும்.

ஏன் உதவுகிறது? நீச்சல் முட்டிக்கு ஓய்வு தருகிறது. கூடைப்பந்தில் கற்ற இடம்பார்க்கும் கண் வாலிபாலிலும் உதவும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஓர் ஆட்டத்தில் வளர்ச்சிப் பருவத் தடுமாற்றம் வந்து அணியில் இடம் போனாலும், இன்னொரு கிரவுண்டில் அவள் இன்னும் நல்ல ஆட்டக்காரி. “நான் யார்?” என்ற கேள்வி மனதைக் குடையும் வயதில், அதற்கு இரண்டு மூன்று பதில் கைவசம் இருப்பது பெரிய பலம்.

மறைந்த செலவு: இரண்டு பயிற்சியாளர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவரவர் அட்டவணை அளவாகத்தான் இருக்கும், கூட்டிப் பார்த்தால் வாரம் இருபது மணி நேரம் வரும். வயதுக் கணக்கு மொத்தத்துக்கும் சேர்த்துத்தான். அந்தக் கூட்டலைச் செய்ய வேண்டியவர் நீங்கள், ஏனென்றால் வேறு யாரும் செய்ய மாட்டார்கள். இரண்டு போட்டி ஒரே வாரத்தில் மோதும். ஒரே ஆட்டத்தில் மூழ்கிய தோழி செலக்‌ஷனில் முந்திப் போவாள், அதை உங்கள் மகளும் நீங்களும் பொறுத்துக்கொள்ள வேண்டிவரும்.

எப்போது இது நல்ல தேர்வு? பதினான்குக்குக் கீழே பெரும்பாலும் எல்லாருக்கும். தாமதமாக வளரும் பிள்ளைக்கு, ஒரே இடத்தில் அடிக்கடி காயம் படுகிறவளுக்கு, எது பிடிக்கும் என்று இன்னும் தேடிக்கொண்டிருப்பவளுக்கு மிக நல்லது.

## குறைத்துக்கொள்வதும் இடைவெளியும்

நிறுத்திவிடலாமா என்று கேட்கும் பெற்றோரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அவள் எதை விட விரும்புகிறாள்? ஆட்டத்தையா, போட்டியையா, அந்த இடத்தையா, அந்த ஆளையா?

ஒரு பிள்ளை திடீரென்று வராமல் போனாள். வீட்டில் படிப்பைக் காரணம் சொன்னார்கள். நான் போய் அவளோடு தனியே உட்கார்ந்து பேசியபோது, நெடுநேரம் கழித்துச் சொன்னாள்: “ஆட்டம் புடிக்கும் மிஸ். அந்த வெள்ளை டிராயர்தான் புடிக்கல.” எங்கள் அணிச் சீருடையின் கீழாடை அப்போது வெள்ளை. கறை தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மாதத்தில் ஐந்து நாள் செத்துப் பிழைத்திருக்கிறாள். கருநீலத்துக்கு மாற்றினோம், அடுத்த வாரமே வந்துவிட்டாள். விம்பிள்டனிலேயே 2023-ல்தான் வெள்ளை உடைக்குள் பெண்கள் அடர்நிற உள்ளாடை அணிய அனுமதித்தார்கள். மார்பு வளர்ச்சியும் இப்படிச் சொல்லப்படாத காரணம். பிரிட்டனில் 11–18 வயது மாணவிகள் சுமார் இரண்டாயிரம் பேரிடம் கேட்டு 2016-ல் வெளியான ஆய்வில், கிட்டத்தட்டப் பாதிப் பேர் தங்கள் மார்பு காரணமாக விளையாட்டு வகுப்பில் பங்கெடுப்பது பாதிக்கப்படுவதாகச் சொன்னார்கள். சரியான அளவில் ஒரு ஸ்போர்ட்ஸ் பிரா தீர்க்கக்கூடிய சிக்கலுக்காக ஆட்டத்தையே விட்ட பிள்ளைகள் எத்தனையோ.

காரணம் இவை எதுவும் இல்லை, உண்மையிலேயே களைத்துவிட்டாள் என்றால் இடைவெளி நல்ல வழிதான். ஆஷ்லி பார்ட்டி பதினெட்டு வயதில், 2014-ல், டென்னிஸை விட்டு விலகினார். நடுவில் ஒரு சீசன் தொழில்முறை கிரிக்கெட்கூட ஆடினார். 2016-ல் திரும்பி வந்து, 2019-ல் பிரெஞ்சு ஓபன், 2021-ல் விம்பிள்டன், 2022-ல் ஆஸ்திரேலிய ஓபன் என்று வென்றார்.

இடைவெளியின் மறைந்த செலவு, அது சத்தமில்லாமல் நிரந்தரமாகிவிடுவது. ஆகவே தொடங்கும்போதே முடியும் தேதியைப் பேசிக்கொள்ளுங்கள். இடையில் நடை, சைக்கிள், நடனம், நீச்சல் என்று ஏதேனும் ஒரு அசைவு தொடரட்டும். அணித் தோழிகளோடு உறவு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவர்கள்தான் அவளை மறுபடி அழைத்து வருவார்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | விடுதி அகாடமி | கிளப், ஒரே ஆட்டம் | பல ஆட்டங்கள் | குறைத்தல் / இடைவெளி |
|---|---|---|---|---|
| வாயைத் திறக்க முடிவது | இடத்தைப் பொறுத்து. பெரும்பாலும் கடினம் | வீடும் உண்டு, ஓரளவு எளிது | எளிது. ஒருவரையே சார்ந்திருக்கவில்லை | மிக எளிது |
| வளரும் உடலுக்கு இடம் | சுமை அதிகம்; உணவைக் கவனிக்க வேண்டும் | ஒரே உறுப்பு தேயும்; தூக்கம் குறையும் | நல்லது; மொத்த மணி நேரத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும் | ஓய்வு கிடைக்கும்; அசைவு நின்றுவிடக் கூடாது |
| பாதுகாப்பு | விசாரித்தே தீர வேண்டும் | விசாரிக்க வேண்டும் | ஒவ்வோர் இடத்திலும் விசாரிக்க வேண்டும் | கவலை குறைவு |
| படிப்பு, தோழிகள் | பழைய உறவு விலகும்; புதிய தோழமை கிடைக்கும் | நேர நெருக்கடி | அட்டவணை மோதல் | நேரம் உண்டு; அணித் தோழமை விலகலாம் |
| திரும்பி வரும் வழி | குறுகல் | அகலம் | மிக அகலம் | நாள் ஆக ஆகக் குறுகும் |
| ஆட்டத்தின் தரம் | உயர்ந்தது | நடுத்தரம் முதல் நல்லது வரை | மெதுவாக ஏறும் | நிற்கும் அல்லது குறையும் |
| பொருந்தும் வயது | 15–16-க்கு மேல் | 13–14-க்கு மேல் | 14-க்குக் கீழ் | எப்போது வேண்டுமானாலும் |

வயதுகளைக் கோடு கிழித்ததுபோல் எடுத்துக்கொள்ள வேண்டாம். பதின்மூன்றில் முழுக்க வளர்ந்துவிட்டவளும் உண்டு, பதினாறில் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பவளும் உண்டு. பிறந்த தேதியைவிட, கடந்த ஒரு வருடத்தில் எவ்வளவு உயர்ந்திருக்கிறாள் என்று கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுப் பார்ப்பது நல்ல வழிகாட்டி. இன்னும் வேகமாக உயர்ந்துகொண்டிருந்தால் பெரிய முடிவைத் தள்ளிப்போடுங்கள்.

## எந்த வழியானாலும் கவனிக்க வேண்டியவை

பதினைந்து வயது வரை மாதவிடாய் தொடங்கவில்லை என்றாலோ, தொடங்கியபின் மூன்று மாதம் தொடர்ந்து வராமல் போனாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். “விளையாடுற பொண்ணுங்களுக்கு அப்படித்தான்” என்று பயிற்சியாளரே சொன்னாலும் கேட்காதீர்கள். உடலுக்கு உண்ட உணவு போதவில்லை என்பதற்கு அது முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். காரணமில்லாத களைப்பு, மூச்சு வாங்கல் என்றால் இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்தையும் பாருங்கள். மாதவிடாய் தொடங்கியபின் இரும்பின் தேவை பையன்களைவிடக் கூடுகிறது. எலும்பில் ஒரே இடத்தைத் தொட்டால் வலி, ஓடினால் கூடி நின்றால் குறைகிறது என்றால் அது ஸ்ட்ரெஸ் பிராக்சராக (ஓயாத சுமையால் எலும்பில் விழும் மெல்லிய விரிசல்) இருக்கலாம். எண்ணெய் தேய்த்துவிட்டு அடுத்த நாள் அனுப்பும் வலி அல்ல அது.

முடிவெடுத்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி உட்கார்ந்து பேசுங்கள். அதற்கு நான் பார்க்கும் அடையாளங்கள் சின்னவை: பயிற்சிப் பையை அவளே எடுத்து வைக்கிறாளா, தோழிகளின் பெயர் பேச்சில் வருகிறதா, தோற்ற நாளில் அழுதாலும் மறுநாள் சாப்பிடுகிறாளா, வலியைச் சொன்ன நாளில் பயிற்சியாளர் என்ன செய்தார் என்று அவளால் தயங்காமல் சொல்ல முடிகிறதா.

இப்போதெல்லாம் அப்பாவோ அம்மாவோ தனியாக என்னிடம் நடந்து வந்தால், தள்ளி நிற்கும் மகளையும் கூப்பிடச் சொல்கிறேன். நான்கு வழியையும் அவள் எதிரிலேயே விரித்து வைத்து, “இதுல எந்த இடத்துல உனக்கு ‘வேண்டாம்’னு சொல்லத் தைரியம் வரும்?” என்று கேட்கிறேன். அங்கேயே பதில் சொல்லிவிடும் பிள்ளைகள் குறைவு. இரண்டு மூன்று நாள் கழித்து, வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது வீட்டில் சொல்வார்கள். அதுவரைக்கும் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் வைத்திருங்கள்.